கேசட்டில் இல்லாத மாணிக்கம்

பெங்களூர் காக்ஸ் டவுனில் உள்ள இந்த வீடியோ கடையின் கவுண்டருக்குப் பின்னால் நாளை முதல் நிற்கப்போகிற உங்கள் இருவருக்கும், வேலையின் வழக்கமான பகுதியை நான் சொல்லித்தரப் போவதில்லை. கேசட்டை எப்படிப் பின்னோக்கிச் சுற்றிவைப்பது, புதிதாக வந்திருக்கும் வட்டுகளை எந்தத் துணியால் துடைப்பது, உறுப்பினர் அட்டையை எங்கே செருகுவது என்பதெல்லாம் ஒரு வாரத்தில் கைக்கு வந்துவிடும். அப்படிக் கைக்கு வராத ஒன்று உண்டு. எதிரே நிற்பவர் சிரித்துக்கொண்டே, உரிமையோடு, நியாயமான காரணத்தோடு ஒன்றைக் கேட்பார். அதைக் கொடுக்கலாமா, கூடாதா என்று அவர் முகத்தைப் பார்த்தபடியே நீங்கள் முடிவெடுக்க வேண்டும். இலக்கிய மாணவியாக இங்கே மாலை வேலைக்கு வந்த நான், இப்போது மைசூரில் ஒரு கல்லூரியில் பாடம் நடத்தப் போகிறேன். இடைப்பட்ட ஆண்டுகளில் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி தந்த முடிவுகள் இந்தக் கவுண்டரில் எடுத்தவை.

வாடகைக் கேசட்டைப் போட்டதும் நீலத் திரையில் ஆங்கில எழுத்துகள் மேலேறும். எல்லோரும் வேகமாக ஓட்டிவிடுகிற பகுதி அது. அவர்கள் ஓட்டலாம், நாம் ஓட்டக் கூடாது. அது சொல்வது எளிமையானது. வாடகைக்கு எடுப்பவர் கேசட்டையும் வாங்கவில்லை, படத்தையும் வாங்கவில்லை. தம் வீட்டில், தம் வீட்டாரோடு, குறித்த நாள்வரை அதைப் பார்க்கும் அனுமதியை மட்டுமே வாங்குகிறார். நகலெடுக்கக் கூடாது, கேபிளில் விடக் கூடாது, ஊர் கூட்டிக் காட்டக் கூடாது. சேதமானால் எடுத்தவர் பொறுப்பு. அவருக்குக் கொடுத்த குற்றத்துக்கு நாம் பொறுப்பு.

சேதத்தில் பல வகை உண்டு. கேசட்டின் முதுகில் சிறு பிளாஸ்டிக் துண்டு ஒன்று இருக்கும். அதை உடைத்துவிட்டால் அந்த நாடாவில் வேறெதையும் பதிய முடியாது. வாடகைக் கேசட்டுகள் அது உடைக்கப்பட்டே வரும். அந்த ஓட்டையின்மேல் ஒட்டுத்தாளை ஒட்டினால் மறுபடி பதியலாம் என்று கண்டுபிடித்தவர் நம் உறுப்பினரான ஒரு வங்கி ஊழியர். மகளின் முதல் பிறந்தநாளன்று வெற்றுக் கேசட் தீர்ந்துபோன பதற்றத்தில் அந்தக் கண்டுபிடிப்பு நிகழ்ந்திருக்கிறது. அவர் ஒன்றும் சொல்லாமல் கேசட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். எங்களுக்குச் செய்தி வந்தது அதை அடுத்து எடுத்துச்சென்ற ஓர் ஆசிரியையிடமிருந்து.

"கடைசி சண்டையில ஹீரோ துப்பாக்கிய எடுக்கறான். டப்புன்னு ஒரு குழந்தை கேக் வெட்டுது. குழந்தை ரொம்ப லட்சணம்மா. யாரோடது?"

முதலாளி விழுந்து விழுந்து சிரித்தார். அவர் அப்படித்தான், எதற்கும் 'ஆமாம்' சொல்லிவிடுகிற நல்ல மனிதர். 'இல்லை' என்று சொல்லும் வேலை பெரும்பாலும் என்னிடம் வந்து சேரும். வங்கி ஊழியரை வரவழைத்தேன். கேசட்டுக்கு ஈடு கட்டத் தயாராகவே வந்தார். ஆனால் அந்தக் கேசட்டை என்ன செய்வது? அவரிடமே கொடுத்தால் படத்தின் முக்கால் பாகத்தை விற்றதாகும். நாம் வைத்துக்கொண்டால் ஒரு குழந்தையின் பிறந்தநாள் நம் அலமாரியில் கிடக்கும். கடைசியில் நாடாவை வெட்டினோம். பிறந்தநாளை மட்டும் நாடா இல்லாத ஒரு வெற்றுக் கேசட் கூட்டில் ஏற்றி அவரிடம் கொடுத்தோம். மிச்சப் படத்தைக் கேசட் கம்பெனிக்கே திருப்பி அனுப்பினோம். முக்கால் படம் ஏன் வருகிறது என்று கம்பெனி கேட்டதற்கு முதலாளி உண்மையையே சொன்னார், அவர்கள் நம்பவில்லை.

அடுத்தது அவ்வளவு வேடிக்கையாக முடியவில்லை. ஒரு நாள் மாலை வீட்டில் அம்மா கேபிளில் படம் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டாவது பாட்டின் நடுவே கதாநாயகியின் கழுத்தருகே ஒரு வெள்ளைக் கோடு நடுங்கியபடி மேலேறியது. கையிலிருந்த தட்டை அப்படியே வைத்துவிட்டேன். அந்தக் கோட்டை எனக்குத் தெரியும். நம் கடைக் கேசட் ஒன்றில் அதே இடத்தில் அதே கோடு உண்டு. வீட்டு உறுப்பினராகச் சேர்ந்திருந்த ஒருவர் அன்று காலைதான் அதை எடுத்துப் போயிருந்தார். அவருக்குத் தொலைபேசி செய்து, தெருவுக்கே கேபிள் நடத்துகிறவர் நீங்கள்தானா என்று கேட்டேன்.

"நான் எங்க வீட்லதான் பாத்துக்கினு இருக்கேன் மேடம். வயர் வழியா நாலு பேரு எங்க வீட்டை எட்டிப் பாத்தா நான் இன்னா பண்றது?"

அதே படத்தை அதே கோட்டோடு இன்னொருவரும் பார்த்திருந்தார். அவர் பெயர் சிவண்ணா. கேசட் கம்பெனியின் பெங்களூர்ப் பிரதிநிதி. காந்திநகரில் அலுவலகம். ஹெல்மெட்டைக் கையிடுக்கில் வைத்தபடியே பேசுவார். நம் கடையில் அதை ஒருமுறைகூடக் கீழே வைத்து நான் பார்த்ததில்லை. மறுநாள் வந்து நின்றார். இன்னொரு முறை நம் கேசட் ஒன்று வீட்டுக்கு வெளியே ஓடினால் அன்றோடு கம்பெனி நமக்குப் படம் கொடுப்பதை நிறுத்திவிடும் என்றார். குரலை உயர்த்தவே இல்லை. இனி அப்படி நடக்காது என்று முதலாளி எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அதன் பிறகு அந்த ஹெல்மெட் தெருமுனையில் தெரிந்தாலே முதலாளிக்கு அவசரமாகத் தேநீர் குடிக்கத் தோன்றும்.

இந்த நிலைமையில்தான் மாணிக்கம் கடைக்கு வந்தார்.

பக்கத்திலுள்ள மர்பி டவுன்காரர். ஆடுகோடிப் பகுதியில் ஒரு பட்டறையில் கடைசல் எந்திரம் ஓட்டுபவர். ஐம்பதைத் தொட்ட வயது. கூடவே மகள் வசந்தி. ஒரு நிறுவனத்தில் தட்டச்சு வேலை. மாணிக்கம் கவுண்டரில் இரண்டு கைகளையும் ஊன்றிக்கொண்டு கேட்டார்:

"ஏம்மா, நான் நடிச்ச படம் இருக்குதா?"

முதலாளி நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார். வசந்தி தரையைப் பார்த்தாள்.

அது அறுபதுகளில் வந்த ஒரு கறுப்பு வெள்ளைத் தமிழ்ப் படம். சில காட்சிகளைக் கப்பன் பார்க்கில் எடுத்திருந்தார்கள். அப்போது இளைஞராக இருந்த மாணிக்கம் வேடிக்கை பார்க்கப் போய், கதாநாயகனோடு ஒரு காட்சியில் நடித்துவிட்டு வந்தார். படம் வெளியானபோது நண்பர்களோடு அரங்கில் பார்த்ததோடு சரி. அதற்குப் பின் அது அவர் சொல்லும் கதையாக மட்டுமே இருந்தது. மர்பி டவுனில் யாரும் அதைச் சந்தேகித்ததில்லை. வசந்திக்கு ஆம்பூரில் மாப்பிள்ளை பார்த்தபோது சிக்கல் வந்தது. பெண் பார்க்க வந்த அன்று மாணிக்கம் உற்சாகத்தில் இதைச் சொல்லிவிட்டார். மாப்பிள்ளையின் தகப்பனார் ஏகாம்பரம் வாய்த்துடுக்கு நிறைந்தவர். அன்றிலிருந்து அவர் யாரைப் பார்த்தாலும் சொல்வது ஒன்றுதான்:

"எங்க சம்பந்தி பெரிய நடிகருங்க. படம்தான் இன்னும் ரிலீஸ் ஆவல."

"அவரு சிரிச்சிக்கினுதான் சொல்றாரு அக்கா," என்றாள் வசந்தி மெதுவாக. "ஆனா அவங்க வீட்டு அத்தை சிரிக்கல. அப்பனே இப்டி அளக்கறான், பொண்ணு எப்டி இருப்பாளோன்னு கேட்டாங்களாம். நான் அந்த வீட்லதான் போயி வாழணும்."

எனவே மாணிக்கம் ஒரு வழி கண்டுபிடித்திருந்தார். அல்சூரில் ஒரு மண்டபத்தில் நிச்சயதார்த்தம். ஆம்பூரிலிருந்து சொந்தம் முழுக்க வருகிறது. சாப்பாடு முடிந்ததும் ஒரு டி.வி., ஒரு டெக், இந்தக் கேசட். அத்தோடு ஏகாம்பரத்தின் வாய் அடைந்துவிடும்.

படம் நம்மிடம் இருந்தது. யாரும் எடுக்காமல் மேல் அடுக்கில் தூசி படிந்து கிடந்தது. முதலாளி அதைக் கையிலெடுத்து ஊதிக்கொண்டிருந்தபோது நான் சொன்னேன்:

"மண்டபத்துக்குக் கொடுக்க முடியாது சார்."

"ஏம்மா, வர்றவங்க எல்லாம் சொந்தக்காரங்கதானே?" என்றார் மாணிக்கம்.

அது நியாயமான கேள்வி. ஒரு வழக்கறிஞர் அதைப் பிடித்துக்கொண்டு வாதாடவும் கூடும். ஆனால் மண்டபத்தின் கதவு திறந்திருக்கும். சமையல்காரர், மேளக்காரர், பந்தல்காரர், தெருவில் போகிறவர் எல்லோரும் எட்டிப் பார்ப்பார்கள். நாம் கையெழுத்திட்டுக் கொடுத்ததோ, கேசட் வீட்டைத் தாண்டாது என்று. சந்தேகம் வரும் இடத்தில் நமக்குச் சாதகமான விளக்கத்தைத் தேர்ந்துகொள்ளும் உரிமை நமக்கு இல்லை என்றே நான் நினைத்தேன். இன்றும் அப்படியே நினைக்கிறேன்.

"நம்ம ஏரியாக்காரரும்மா. ஒரு மத்தியானம்தானே, சொல்ப அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம்," என்றார் முதலாளி.

"வீட்டுக்குன்னு எழுதிக்க பாப்பா," என்றார் மாணிக்கம். "நான் வூட்டுக்குத்தான் எடுத்துக்கினு போறேன். அப்பறம் மண்டபத்துக்குப் போனா உனுக்குத் தெரியாது."

"இப்போ தெரிஞ்சுபோச்சே சார்."

அவர் கைகளைக் கவுண்டரிலிருந்து எடுத்துக்கொண்டார். முகம் சுருங்கியது. "அப்ப நான் பொய் சொல்றேன்னு நீயும் நெனைக்கிற."

அந்த ஒரு வார்த்தைதான் என்னை அசைத்தது. மறுப்பது நம் கடமை. மறுத்துவிட்டு அடுத்த வாடிக்கையாளரின் பக்கம் திரும்பிவிடுவது கடமையில் சேராது. இதை அன்றுதான் நான் புரிந்துகொண்டேன் என்று சொல்லமாட்டேன். அன்று அவரை அப்படியே அனுப்ப மனம் வரவில்லை, அவ்வளவுதான்.

"படம் யாருக்குச் சொந்தமோ அவங்ககிட்ட கேட்டுப் பார்க்கலாம் சார்," என்றேன்.

மாணிக்கம் முதலாளியைப் பார்த்தார். முதலாளி மாணிக்கத்தைப் பார்த்தார். இருவருக்குமே அது வேடிக்கையாகப் பட்டிருக்க வேண்டும். "மெட்ராஸ்காரன் மர்பி டவுன்காரனுக்குப் பதில் சொல்வானா பாப்பா?" என்று கேட்டார் மாணிக்கம். ஆனால் அவர் குரலில் கோபம் இல்லை.

கேட்பதற்கு முன் எதைக் கேட்கிறோம் என்று தெரிந்திருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், கடையின் பின்னறையில், நானும் வசந்தியும் அந்தக் கேசட்டைப் போட்டுப் பார்த்தோம். வசந்தி தகப்பனின் கதையை வாழ்நாள் முழுதும் கேட்டவள், படத்தைப் பார்த்ததில்லை. கதாநாயகனைச் சிலர் துரத்துகிறார்கள். அவன் கப்பன் பார்க்குக்குள் ஓடி வருகிறான். "இதான் அக்கா, இதான்," என்று அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். படம் ஒரு கணம் துள்ளியது. அடுத்த காட்சியில் கதாநாயகன் தன் வீட்டு வாசலில் மூச்சிரைக்க இறங்கிக்கொண்டிருந்தான். மாணிக்கம் எங்கேயும் இல்லை.

பின்னோக்கி ஓட்டிப் பார்த்தோம். மறுபடியும் துள்ளியது. மறுபடியும் வாசல்.

வசந்தி என் கையை விட்டுவிட்டாள். "அப்ப ஆம்பூர்க்காரங்க சொல்றது நெஜம்தான், இல்லக்கா?" என்றாள்.

நான் அந்த வாசல் காட்சியை இன்னொரு முறை ஓட்டினேன். கதாநாயகன் இறங்கிக்கொண்டிருந்தான் என்று சொன்னேனே. எதிலிருந்து இறங்கினான்? ஒரு சைக்கிளிலிருந்து. பார்க்குக்குள் வரும்போது அவன் கால்நடையாகத்தான் ஓடி வந்தான். எந்தக் கதையிலும் சைக்கிள் தானாக முளைப்பதில்லை. யாரோ ஒருவர் அதை அவனுக்குக் கொடுத்திருக்க வேண்டும். அல்லது அவன் யாரிடமிருந்தாவது பறித்திருக்க வேண்டும்.

"வசந்தி, அப்பா கதையில சைக்கிள் வருமா?"

அவள் கண்கள் விரிந்தன. "அந்த சைக்கிளைப் பத்திதான் அக்கா அவரு எப்பவும் பேசுவாரு!"

அடுத்து நான் செய்ததை முதலாளி இன்றுவரை எல்லோரிடமும் சொல்லிச் சிரிக்கிறார். காந்திநகருக்குத் தொலைபேசி செய்து சிவண்ணாவைக் கூப்பிட்டேன். "அந்த ஆளு வந்தா நாமெல்லாம் ஒளிஞ்சுக்கறோம். நீ போன் போட்டு வரச் சொல்றியேம்மா!" என்று முதலாளி பக்கத்தில் நின்று கைகளைப் பிசைந்தார்.

மறுமுனையில் சிவண்ணாவின் கன்னடம் கலந்த குரல் எச்சரிக்கையாக இருந்தது. "ஏனாயித்து மேடம்? மறுபடியும் கேபிளா?"

"இல்லை சார். ஒரு படத்தை மண்டபத்துல காட்ட அனுமதி வேணும். அதை முறையாக் கேக்கறது எப்படின்னு தெரிஞ்சுக்கணும்."

மறுமுனையில் நாற்காலி இழுபடும் ஓசை கேட்டது.

"மேடம், நான் இந்த வேலைக்கு வந்ததிலேருந்து புடிச்சவங்கதான் என்னைக் கெஞ்சியிருக்காங்க. முன்னாடியே போன் பண்ணிக் கேட்டவங்க நீங்கதான்," என்றார்.

அவரிடமிருந்து தெரிந்துகொண்டவை இரண்டு. வாடகைக் கேசட்டை யார் அனுமதித்தாலும் மண்டபத்தில் போட முடியாது. அதன் உரிமை வீட்டோடு நின்றுவிடுகிறது. ஆனால் பள்ளிகளிலும் மன்றங்களிலும் காட்டுவதற்கென்றே பதினாறு எம்.எம். என்ற சிறிய அளவில் படச்சுருள்கள் உண்டு. படத்தின் உரிமையாளர் எழுத்தில் ஒப்புதல் கொடுத்தால், சுருளும் புரொஜெக்டரும் அதை ஓட்டும் ஆளும் சேர்ந்தே வாடகைக்கு வரும். காணாமல் போன காட்சியைப் பற்றிக் கேட்டேன். ஒரே கேசட்டுக்குள் அடங்குவதற்காகப் பழைய படங்களில் அங்கங்கே வெட்டுவது வழக்கம் என்றார். "சிறிய சுருளிலும் வெட்டியிருப்பார்களா?" என்று கேட்டேன். "கொத்தில்ல மேடம். போட்டுப் பாத்தாத்தான் தெரியும்," என்றார்.

முதல் நாளே நான் தலையாட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அப்போது யோசித்தேன். மண்டபம் நிறைய ஆம்பூர்க்காரர்களுக்கு முன்னால் மாணிக்கம் பெருமையாக அந்தக் கேசட்டைப் போட்டிருப்பார். படம் ஒரு துள்ளுத் துள்ளி அவரைத் தாண்டிப் போயிருக்கும்.

இதை அவரிடம் சொல்வது எளிதாக இல்லை. ஆனால் சொல்லாமல் சுருளை வரவழைப்பது சரியாகவும் இல்லை. பட்டறை உடையிலேயே வந்து நின்று கேட்டுக்கொண்டார்.

"கேசட்டுல நான் இல்லியா?" என்றார். "இத்தினி வருசம் அது அலமாரியில இருந்துச்சே, நான் எங்க இருந்தேன்?"

"வெட்டிட்டாங்க சார். அந்தச் சுருளிலயும் வெட்டியிருக்கலாம். காட்டாம விட்டா ஏகாம்பரம் சார் கிண்டலோட போயிடும். காட்டி, நீங்க வரலேன்னா..."

"பொய்க்காரன்னு ஆயிடும். தெரிதும்மா." கையிலிருந்த எண்ணெய்க் கறையைத் துணியில் துடைத்துக்கொண்டார். "நான் அங்க நின்னேன் பாப்பா. கண்ணால பாத்தேன், தியேட்டர்ல எம்மூஞ்சிய நானே பாத்தேன். அந்தச் சுருள வரவை."

சென்னையிலிருந்து ஒப்புதல் வருவதற்கு ஆன காலம் என் பொறுமைக்கும் முதலாளியின் தொலைபேசிக் கட்டணத்துக்கும் ஒரு சோதனை. தயாரிப்பாளர் காலமாகிவிட்டார், மகன்தான் பார்த்துக்கொள்கிறார். அவர் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்டார்: "அந்தப் படத்தையா? எங்க அப்பா எடுத்ததையா? நிச்சயதார்த்தத்துலயா?" கடைசியில் ஒரு ஃபேக்ஸ் வந்தது. இன்ன மண்டபத்தில், இன்ன நாளில், ஒரே ஒரு காட்சி. கட்டணம் வசூலிக்கக் கூடாது. அதைப் படித்துவிட்டு முதலாளி, தாமே நடித்ததுபோல் தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார்.

சுருள் நிச்சயதார்த்தத்தன்று காலையில்தான் பேருந்தில் வந்து சேர்ந்தது. முன்கூட்டிப் போட்டுப் பார்க்க நேரமே இல்லை.

மண்டபத்தில் பகல் சாப்பாடு முடிந்ததும் ஜன்னல்களில் ஜமுக்காளத்தைத் தொங்கவிட்டார்கள். மேடைக்குப் பின்னால் ஒரு வெள்ளை வேட்டி இழுத்துக் கட்டப்பட்டது. நான் பின்வரிசையில், கையில் ஒப்புதல் தாளோடு உட்கார்ந்திருந்தேன். அழைக்காமலே ஒருவர் வந்து எனக்குப் பக்கத்து நாற்காலியில் அமர்ந்தார். ஹெல்மெட் மடியில் இருந்தது. "சும்மனே பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்," என்றார் சிவண்ணா.

புரொஜெக்டர் கறகறவென்று ஓடத் தொடங்கியது. முன்வரிசையில் ஏகாம்பரம் வெற்றிலையோடு சாய்ந்திருந்தார். ஒவ்வொரு புதிய முகம் திரையில் தோன்றும்போதும் அவர் குரல் எழுந்தது.

"சம்பந்தி, அந்தப் போலீஸ்காரர் நீங்களா?"

"இல்லீங்க."

"அந்த டாக்டரம்மா?"

மண்டபம் சிரித்தது. மாப்பிள்ளையின் அத்தை மட்டும் கைகளைக் கட்டிக்கொண்டு நேரே பார்த்திருந்தார். மாணிக்கம் புதுச் சட்டையில், முழங்கால்மேல் கைகளை வைத்து, பள்ளிப் பையனைப் போல் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். வசந்தி ஒருமுறை திரும்பி என்னைப் பார்த்தாள். நான் தலையசைத்தேன். எதற்காக அசைத்தேன் என்று எனக்கே தெரியாது.

கதாநாயகனை அவர்கள் துரத்தத் தொடங்கினார்கள். அவன் கப்பன் பார்க்குக்குள் ஓடி வந்தான். படம் துள்ளவில்லை. மரங்கள் வந்தன. பாதை வந்தது. பாதையில் ஒல்லியான ஓர் இளைஞன், அரைக்கால் சட்டையும் அடர்ந்த தலைமுடியுமாக, ஒரு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தான். அந்தக் காதுகள்! அந்தக் காதுகளை யாரும் மறுக்க முடியாது. ஐம்பது வயதில் அவை முன்வரிசையில் அப்படியே இருந்தன. கதாநாயகன் ஓடி வந்து அவன் நெஞ்சில் கை வைத்து ஒரு தள்ளுத் தள்ளினான். இளைஞன் பூச்செடிகளுக்குள் மல்லாந்து விழுந்தான். சைக்கிள் பறந்தது. இளைஞன் தலையில் இலைகளோடு எழுந்து நின்று இரண்டு கைகளையும் உயர்த்தி அலறினான்:

"யோவ்! சைக்கிளு!"

மண்டபம் வெடித்தது. மர்பி டவுன் முழுவதும் எழுந்து நின்று விசில் அடித்தது. வசந்தி இரு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாளா சிரித்தாளா என்று தெரியவில்லை. கதாநாயகனோடு நடித்ததாகச் சொன்ன மாணிக்கம், அவன் தள்ளிவிட்டதை மட்டும் யாரிடமும் சொன்னதில்லை என்பது எல்லோருக்கும் ஒரே நேரத்தில் விளங்கியது.

"மறுபடி போடுய்யா!" என்று கத்தினார் ஏகாம்பரம். வெற்றிலை எங்கேயோ விழுந்திருந்தது.

ஓட்டுபவர் எந்திரத்தை நிறுத்தினார். "பேப்பர்ல ஒரே ஷோன்னு இருக்குது. மறுபடி போட்டா என் வேலை போயிடும். அந்தம்மாவக் கேளுங்க," என்று என்னைக் காட்டினார்.

மண்டபம் முழுவதும் திரும்பியது. இருட்டில் அத்தனை முகங்கள். இதைத்தான் உங்களுக்குச் சொல்ல வந்தேன். மகிழ்ச்சியின் நடுவேதான் விதி மிகவும் பாரமாக இருக்கும். அந்தத் தாளை வாங்கியவள் நான். அதில் ஒரு காட்சி என்றால் ஒரு காட்சிதான். 'ஆமாம்' என்று சொல்ல என் வாய் துடித்தது. ஆனால் அதைச் சொல்லும் உரிமை என்னுடையதில்லை. அந்த உரிமையின் ஓரத்தையாவது தொட்டுக்கொண்டிருந்த ஒரே மனிதர் என் பக்கத்தில் இருந்தார். நான் அவரைப் பார்த்தேன்.

சிவண்ணா எழுந்து நின்றார். ஹெல்மெட்டை நாற்காலியில் வைத்தார்.

"ஷோ இன்னும் முடியவே இல்லையே," என்றார் உரக்க. "நடுவுல ரீல் சிக்கிக்கிச்சு. சரி பண்ணிப் போடறாங்க. அவ்வளவுதான். மெட்ராஸ்ல யாராவது கேட்டா நான் சொல்லிக்கறேன்."

ரீல் அன்று மும்முறை சிக்கியது. மூன்று முறையும் மாணிக்கம் பூச்செடிகளுக்குள் விழுந்தார். மூன்று முறையும் எழுந்து அலறினார். மூன்றாவது முறை மண்டபம் முழுவதும் அவரோடு சேர்ந்து அலறியது. மாப்பிள்ளையின் அத்தை கைகளை அவிழ்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

விளக்கு போட்டபோது ஏகாம்பரம் எழுந்து போய் மாணிக்கத்தின் முன்னால் நின்றார். பேச்சு வராத ஏகாம்பரத்தை ஆம்பூர்க்காரர்கள் அன்றுதான் முதலில் பார்த்தார்கள்.

"சம்பந்தி," என்றார் ஒருவழியாக. "தப்பாப் பேசிட்டேன். மனசுல வெச்சுக்காதீங்க."

"அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க சம்பந்தி."

"ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்லுங்க. அந்த ஆளு உங்க சைக்கிளைத் திருப்பிக் குடுத்தானா இல்லியா?"

மாணிக்கம் ஒரு கணம் என் பக்கம் பார்த்தார். அவர் காதுகள் சிவந்திருந்தன.

"குடுத்தாங்க, குடுத்தாங்க. ஆனா பொழுது சாய்ஞ்சிடுச்சி. அத வெச்சி மறுபடி மறுபடி எடுத்துக்கினே இருந்தாங்க." குரலைத் தாழ்த்தினார். "அது என் சைக்கிளு இல்ல சம்பந்தி. வாடகை சைக்கிளு. லேட்டா எடுத்துக்கினு வந்தேன்னு கடைக்காரன் திட்டினான் பாருங்க ஒரு திட்டு... சினிமாவுக்குக் குடுத்தேன்னு சொன்னேன். அவனும் நம்பல."

ஏகாம்பரம் அவரை அப்படியே கட்டிக்கொண்டார்.